உளி என்றொரு எழுத்துரு

மார்ச் 3, திங்கள்

கதிரேசன் சார் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இரண்டு மாதமாக மேசையில் சும்மா கிடந்தது. இன்றுதான் திறக்கிறேன். ஒரு சோதனை செய்யப் போகிறேன். சோதனை என்றால் தேதி போட்டுக் குறிப்பு வேண்டும்.

திருச்சியில் அவர் நடத்தும் பயிற்சி மையத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு நோட்ஸ் தயாரிப்பது என் வேலை. தட்டச்சு, பக்க அமைப்பு, பிழை பார்ப்பது, அச்செடுப்பது எல்லாம் நானே. கிளிப் போட்டுக் கொடுப்பதுவரை.

போன வாரம் ஒரு கட்டுரை படித்தேன். வாசிக்கக் கொஞ்சம் சிரமமான எழுத்தில் அச்சடித்தால் படித்தது மனதில் அதிகம் தங்கும் என்கிறார்கள். எளிதான எழுத்தில் கண் வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். சிரமமானதில் மூளை நின்று, உற்றுப் பார்த்து, பிறகுதான் நகருமாம். ஆங்கில எழுத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். தமிழில் யாராவது செய்தார்களா என்று தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை.

காலை பேட்ச்சுக்குச் சிரமமான எழுத்து, மாலை பேட்ச்சுக்கு வழக்கமான எழுத்து, பாடம் ஒன்றே. கதிரேசன் சாரிடம் சொன்னேன். "செலவு ஏதும் உண்டா அமல்?" என்றார். இல்லை என்றதும் சரி என்றுவிட்டார்.

வரும் வழியில் மிக்ஸி ஜாரை ரிப்பேருக்குக் கொடுத்தேன். புதன்கிழமை வரச் சொன்னான்.

மார்ச் 8

நான்கு நாளாக எழுத்துரு வேலை. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக வெட்டினேன். ‘ண’வின் சுழிகளில் நடுச்சுழியை அறுத்தேன். ‘ற’வின் வாலைத் துண்டித்தேன். கோடுகளில் ஆங்காங்கே இடைவெளி விட்டு, எல்லாவற்றையும் இடப்பக்கம் சாய்த்தேன். எண்களையும் விடவில்லை. ‘உளி’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜோவிட்டா திரையைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதெல்லாம் ரப்பர் வச்சு அழிச்ச எழுத்தா?" என்றாள்.

மனைவி செலினிடம் விளக்கினேன். அவளும் இந்த முறை குரூப் 4 எழுதுகிறாள். ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த வேலையை ஜனவரியில் விட்டுவிட்டு வீட்டிலிருந்தே படிக்கிறாள். அவளுக்கு இதுதான் முதல் முறை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்கு முன்னாடி ரெண்டு பேட்ச்சும் என்ன மார்க்கு எடுத்துட்டு இருந்தாங்கன்னு பாத்தீங்களா?" என்றாள்.

அதெல்லாம் அவ்வளவு முக்கியமில்லை என்றேன்.

மார்ச் 10

காலை பேட்ச்சுக்கு உளியில் முதல் நோட்ஸ்: இந்திய அரசியலமைப்பு, முப்பத்திரண்டு பக்கம். தாளை வாங்கியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "பிரிண்டர்ல மை தீந்துடுச்சா சார்?" என்று ஒருத்தன் கேட்டான்.

மிக்ஸி ஜார் இன்னும் வரவில்லை.

மார்ச் 18

நேற்றைய தேர்வில் காலை பேட்ச்சின் சராசரி 64. மாலை பேட்ச் 55. ஒரே வினாத்தாள். ஒன்பது மதிப்பெண் வித்தியாசம்!

கதிரேசன் சார் தாளை இரண்டு முறை பார்த்தார். "அமல், இது நம்ம சென்டர்ல மட்டும்தானே இருக்கு?" என்றார். ஆமாம் என்றேன். அடுத்த தேர்வையும் பார்த்துவிட்டுப் பேசலாம் சார் என்றும் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. போஸ்டருக்கு வாசகம் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

செலினுக்கும் இனி எல்லாம் உளியில்தான். வாங்கி வைத்துக்கொண்டு, "நீங்க ஏழு தடவ எழுதினவரு, உங்களுக்குத் தெரியாததா" என்றாள். கிண்டல் இல்லை. அவளுக்குக் கிண்டல் செய்யத் தெரியாது.

ஏழு தடவை என்பது சரிதான். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 24

போஸ்டர் வந்துவிட்டது. ‘படித்தால் மறக்காத எழுத்து! தமிழகத்திலேயே முதல்முறை!’ வாசலில் ஒன்று, பேருந்து நிறுத்தத்தில் இரண்டு. அதைப் பார்த்து இன்று மட்டும் ஐந்து பேர் விசாரித்தார்கள்.

மார்ச் 27

செலினுக்குத் தலைவலி. சாயங்காலமானால் கண்ணில் தண்ணீர் வருகிறது என்கிறாள். முதலில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றேன்.

ஏப்ரல் 2

காலை பேட்ச்சில் நஸ்ரின் என்று ஒரு பெண். மண்ணச்சநல்லூரிலிருந்து வருகிறாள், எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள் இருப்பாள். இன்று வகுப்பு முடிந்து என் அறைக்கு வந்தாள்.

"சார், பழைய ஃபாண்ட்ல ஒரு செட் கிடைக்குமா?"

"ஏம்மா, இதுலதானே நல்ல மார்க்கு வாங்கியிருக்கீங்க?"

"இதுல எங்க சார் படிச்சோம்? மாடிப்படியில எல்லாரும் சேந்து உக்காருவோம். ஒருத்தி வாசிப்பா. தப்பா வாசிச்சா இன்னொருத்தி திருத்துவா. அது எட்டா ஆறான்னு அரைமணி நேரம் சண்டை நடக்கும். கடைசியில அவங்கவங்க பேனாவால மேல எழுதிக்குவோம். அதுல படிக்கறதுதான்."

"அதுவும் எழுத்தாலதானே வந்துச்சு?"

"முன்னாடியும் அப்படித்தான் சார் உக்காந்து படிப்போம். இப்ப சண்டை மட்டும்தான் புதுசு" என்று சிரித்தாள்.

அவள் போன பிறகு இரண்டு பேட்ச்சின் தாள்களையும் எடுத்து வைத்தேன். சரி, இனி மாற்றிப் பார்ப்போம். காலைக்கு வழக்கமான எழுத்து, மாலைக்கு உளி.

ஏப்ரல் 9

தண்ணீர் கேன் இரண்டு. கேஸ் பதிவு செய்தாயிற்று. ஜோவிட்டாவின் ஆண்டுத் தேர்வு அட்டவணை கதவில் ஒட்டியாயிற்று.

ஏப்ரல் 11

செலின் தோசை வார்த்துக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறாள். "தேசிய நெருக்கடி நிலை 352, குடியரசுத் தலைவர் ஆட்சி 356, நிதி நெருக்கடி 380."

கடைசி எண் 360. உளியில் ஆறும் எட்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் அப்போது சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

ஏப்ரல் 14

மாலை பேட்ச்சில் முருகானந்தம் என்பவர் கூரியர் வண்டி ஓட்டுகிறார். வயது முப்பத்தைந்து இருக்கும். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "சார், நாள் பூரா வெயில்ல அட்ரஸ் படிச்சுப் படிச்சு வர்றேன். இங்க வந்தும் கண்ணுக்கு வேலை வெச்சா மண்டையில எது சார் ஏறும்?" என்றார். கொஞ்சம் பொறுங்கள், பழகிவிடும் என்றேன். இதே வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்கிறேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூவரும் கோவிலுக்குப் போய் வந்தோம். மதியம் கஞ்சி. பிறகு நேற்றைய தேர்வின் மதிப்பெண்களைக் கூட்டினேன். வழக்கமான எழுத்துக்குத் திரும்பிய காலை பேட்ச் 67. உளியில் படித்த மாலை பேட்ச் 46.

இரண்டு முறை கூட்டினேன். அதேதான்.

ஏப்ரல் 22

பழைய ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். மார்ச் முதல் தேதி நடந்த தேர்விலேயே, உளிக்கு முன்னாலேயே, காலை 63, மாலை 55. வித்தியாசம் அப்போதே இருந்திருக்கிறது. காலையில் வருகிறவர்கள் பகல் முழுக்கப் படிக்கிறவர்கள். மாலையில் வருகிறவர்கள் வேலை முடித்து வருகிறவர்கள். உளி செய்தது ஒன்றே ஒன்று, களைத்து வந்தவர்களை இன்னும் களைக்க வைத்தது.

அந்தக் கட்டுரையை மறுபடி தேடினேன். அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்கள் பலருக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை என்று வேறு கட்டுரைகள் இருக்கின்றன. மார்ச்சில் இன்னும் இரண்டு நிமிடம் தேடியிருந்தால் இதுவும் கண்ணில் பட்டிருக்கும்.

முன்பு எடுத்த மார்க்கைப் பார்த்தீர்களா என்று தொடங்கும் முன்பே செலின் கேட்டாள்.

ஏப்ரல் 23

இரண்டு பேட்ச்சுக்கும் இன்றிலிருந்து வழக்கமான எழுத்து. கதிரேசன் சாரிடம் உண்மைக் காரணத்தைச் சொல்லாமல், உளியில் பிரிண்டர் மை அதிகம் போகிறது என்று சொன்னேன். "எழுத்த மாத்திக்க. போஸ்டர் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

செலினின் தாள்களை மட்டும் மாற்றவில்லை. அவள் பழகிவிட்டாள். தேர்வு நெருங்கும் நேரத்தில் மாற்றினால் குழப்பம்தான்.

ஏப்ரல் 30

ஜோவிட்டாவை விடுமுறைக்குச் செலினின் அக்கா வீட்டில், தஞ்சாவூரில் விட்டு வந்தேன். வீடு அமைதியாக இருக்கிறது. செலின் ஜன்னலோரம் உட்கார்ந்து, தாளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறாள்.

மே 6

எங்கள் மையத்தில் முழு மாதிரித் தேர்வு. செலினும் வந்து எழுதினாள். இருநூறுக்கு 171. மையத்திலேயே நான்காவது இடம். கதிரேசன் சார், "வீட்டுலயே ஒரு டாப்பரை ஒளிச்சு வெச்சிருக்கியே அமல்!" என்றார்.

நல்ல மதிப்பெண்தான். இங்கே என்னுடைய பழைய அதிகபட்சம் 166. அது ஏன் இப்போது நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை.

மே 7

தேர்வுக்கு வந்த இடத்தில் நஸ்ரினும் செலினும் பேசியிருக்கிறார்கள். இன்று சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் செலின் கேட்டுவிட்டாள்.

"மத்தவங்களுக்கெல்லாம் பழைய ஃபாண்ட்டே குடுத்தாச்சாமே?"

"ஆமா."

"எப்பலேருந்து?"

"கொஞ்ச நாளா."

"எனக்கு ஏன் மாத்தல?"

"நீ பழகிட்டேன்னு..."

"பழகிட்டேன்னு நான் எப்பங்க சொன்னேன்? கண்ணு வலிக்குதுன்னுதானே சொன்னேன்?"

அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே பேசினாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நான் பாஸ் பண்ணிட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?"

"சீ, என்ன பேச்சு இது" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு மாவைத் தட்டால் மூடினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. சப்பாத்தி, குருமா. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மே 8, வியாழன்

நேற்று நான் சொன்னது பொய்.

இதை எழுதிவிட்டு அரைமணி நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். எழுத ஆரம்பித்த பிறகு நிறுத்தவும் முடியவில்லை. அவள் தேறிவிட்டால், ஏழு தடவை எழுதியும் தேறாதவன் என்று என்னை இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் தினமும் அலுவலகத்துக்குக் கிளம்புவதே போதும். தலைவலி என்று அவள் சொன்னபோது எனக்கு வருத்தமாக இருந்தது என்று மட்டும் சொல்ல முடியாது. 380 என்று அவள் சொன்னதைச் சட்டை தேய்த்துக்கொண்டே கேட்டேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ‘அறுபது’ என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொல்லவில்லை. இப்படியெல்லாம் செய்ய வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் செய்திருக்கிறேன்.

இன்று விடுப்பு எடுத்தேன். அவளுடைய நோட்ஸ் மொத்தமும், முந்நூற்று நாற்பது பக்கம், இருப்பதிலேயே தெளிவான எழுத்தில் போட்டேன். சுழிகள் முழுசாக, வரிக்கு வரி நல்ல இடைவெளி. ஆண்டுகள், சட்டப்பிரிவுகள் எல்லாவற்றையும் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டேன். தவறாகப் பதிந்திருக்கக்கூடிய எண்கள் என்று தனியாக ஒரு பட்டியலும் எடுத்தேன். நாற்பத்தியொரு இடம்.

கொடுத்தபோது முதலில் அந்தப் பட்டியலைத்தான் பார்த்தாள். ஒரு பென்சிலை எடுத்து அவளுக்குத் தப்பாகத் தெரிந்திருந்தவற்றைச் சுழித்தாள். பதினெட்டு.

"இன்னும் அஞ்சு வாரம் இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மே 9

கதிரேசன் சாரிடம் ரெஜிஸ்டரைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். போஸ்டரை எடுத்துவிடலாம் என்றேன்.

"அமல், அதப் பாத்து இருபத்தெட்டு பேர் சேந்திருக்காங்க. இப்பப் போய் எடுன்னா எப்படி?"

"அவங்க நம்பி வந்தது உண்மை இல்ல சார். மாலை பேட்ச்சுக்கு நம்மளால மார்க்கே குறைஞ்சிருக்கு."

"இந்த யோசனையைக் கொண்டு வந்தது யாரு? நீதானே?"

"நான்தான் சார். அதனாலதான் நானே சொல்றேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாலை வகுப்பு தொடங்கும் முன் நானே உள்ளே போய் நின்றேன். உளி என்பது என் தவறான யோசனை, அதனால் உங்களுக்கு மூன்று வாரம் வீணானது, மன்னித்துவிடுங்கள் என்றேன். மூன்று வாரப் பாடத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி நடத்த அரசியலமைப்பு ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னேன். முருகானந்தம் எழுந்து, "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு சார்?" என்று மட்டும் கேட்டார்.

மே 12

வாசல் போஸ்டர் கிழிக்கப்பட்டிருக்கிறது. கதிரேசன் சாரே கிழித்தார் என்று காவலாளி சொன்னார். என்னோடு இன்னும் பேசவில்லை.

மே 20

ஞாயிறு வகுப்புக்கு முப்பத்தேழு பேர் வந்தார்கள். கதிரேசன் சார் பேச ஆரம்பித்துவிட்டார். வேலையைப் பற்றி மட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

தேர்வு. காலை எட்டரைக்கே செலினைத் தேர்வு மையத்தில் கொண்டுபோய் விட்டேன். வாசலில் நின்ற புங்க மரத்தடியில் மூன்று மணி நேரம் நின்றேன். ஏழு முறையும் நான் உள்ளே இருந்தேன். வெளியே நிற்பது எப்படி என்று இன்றுதான் தெரிந்தது.

வெளியே வந்தவள், "கணக்கு நல்லா பண்ணியிருக்கேன். வரலாறுல ரெண்டு மூணு சந்தேகம்" என்றாள். எந்தக் கேள்விகள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

அக்டோபர் 22

முடிவு வந்துவிட்டது. செலின் அழைப்புப் பட்டியலில் இல்லை. அவளுடைய பிரிவில் கடைசியாக இடம் பிடித்தவரைவிட மூன்று மதிப்பெண் குறைவு. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். இரண்டே கேள்வி.

நஸ்ரினுக்குக் கிடைத்துவிட்டது. முருகானந்தத்துக்கு இல்லை.

செலின் தொலைபேசியை வைத்துவிட்டு ஜோவிட்டாவுக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னல் இரண்டும் சமமாக இல்லை என்று அவிழ்த்து மறுபடி பின்னினாள்.

அக்டோபர் 23

இரண்டு கேள்வி. அவை உளியால் போனவையா, இல்லை எப்படியும் போயிருக்குமா? எந்த ரெஜிஸ்டரை எடுத்தாலும் இதற்குப் பதில் இல்லை.

அக்டோபர் 25

ஜோவிட்டா கோவிலில் நடக்கும் மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருந்தாள். செலின் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். உளியால் பலன் இல்லை என்று எனக்கு எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகும் அவளுக்கு மட்டும் மாற்றாமல் விட்டது, 380 என்று அவள் சொன்னது காதில் விழுந்தும் பேசாமல் இருந்தது. அவள் கேட்ட கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் பொய் என்பதையும்.

மடித்துக்கொண்டிருந்த துண்டை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளு?"

"மத்தவங்களுக்கு மாத்தினதுக்கப்புறம் பதினஞ்சு நாள்."

"நான் பதினாறுன்னு கணக்கு வெச்சிருந்தேன்."

மடியிலிருந்த துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டே அவளே தொடர்ந்தாள்.

"நஸ்ரின் தேதியோட சொல்லிட்டா. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு அஞ்சு மாசமா பாத்துட்டு இருந்தேன். பாஸாயிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

யோசித்தேன். "தெரியல" என்றேன்.

"இந்தப் பதிலாவது உண்மை" என்றாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியது. "கஷ்டமா இருக்குன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்னங்க சொல்லியிருக்கப் போறேன்? ஏழு தடவ எழுதினவருக்குக் கஷ்டமா இருக்காதா? எனக்குப் புரியாதா? வாய் விட்டுச் சொல்ல முடியாம தாள்லயா காட்டறது?"

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். மீதித் துணியை மடித்தாள். நான் கை கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. போர்வையின் இரண்டு முனையை நான் பிடித்துக்கொண்டேன், இரண்டு முனையை அவள்.

"அடுத்த தடவையும் எழுதுவேன். ஆனா வீட்ல படிக்க மாட்டேன். எல்லாரையும் மாதிரி காலை பேட்ச்சுல சேந்துக்கறேன். நீங்க எனக்குன்னு தனியா எதுவும் பண்ண வேணாம்."

"சரி."

"நல்லதுன்னு நெனச்சும் பண்ண வேணாம்."

"சரி" என்றேன்.

நவம்பர் 3, திங்கள்

புதிய காலை பேட்ச். ஐம்பத்திரண்டு பேர். நானும் செலினும் ஒரே பேருந்தில்தான் வந்தோம். வாசலில் அவள் வகுப்பறைப் பக்கமும் நான் அச்சறைப் பக்கமும் பிரிந்தோம்.

பத்து மணிக்கு முதல் நோட்ஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். அவள் இரண்டாவது வரிசையில், ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களைப் போலவே கை நீட்டி வாங்கினாள். ஆனால் மற்றவர்களைப் போல உடனே பைக்குள் வைக்கவில்லை. முதல் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கீழே போனாள். ஒவ்வோர் எண்ணிலும் விரல் நின்றது. நான் அடுத்த ஆளுக்குக் கொடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

பக்கம் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"சரியா இருக்கு சார்" என்றாள்.